இடம்பெயர்க்கப்படும் பத்தாம் வகுப்பு

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகர் வீடுகளை 2022 ஏப்ரல் கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். நீர்வழி ஆக்கிரமிப்பு என்று தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், இடித்தே தீர வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தது. பெருந்தொற்றால் தள்ளிப்போன அந்த ஆண்டின் பிளஸ் டூ பொதுத்தேர்வு மே 5 அன்று தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6 அன்று. மே 8 அன்று அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் தீக்குளித்து, மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே மாற்று வீடுகள் தரப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்த மரணத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் இடிப்புத் தேதியும் தேர்வுத் தேதியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததைப் பற்றி அதிகம் பேச்சில்லை. வீட்டை இடிப்பது ஒரு துறை, தேர்வை நடத்துவது இன்னொரு துறை. இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கடமை சட்டப்படி எந்த அதிகாரிக்கும் இல்லை. குடும்பத்தோடு வீட்டை இழக்கும் பிள்ளை, தான் படித்துவந்த பள்ளியிலேயே படிப்பை முடிக்கும் உரிமையைச் சட்டமே எழுதித் தர வேண்டும். அதற்கான பயணச் செலவு, வீட்டை அகற்றும் திட்டத்தின் செலவிலேயே சேர வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

வீடற்றவர்கள் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது நடைபாதையில் படுத்திருப்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ அப்படித்தான் பார்த்தது. கூரையுள்ள கட்டடத்தில் இல்லாதவர்களை எண்ணி, நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்றது. வீடு இடிபட்டு அத்தை வீட்டுத் திண்ணைக்குப் போன குடும்பம் அந்தக் கணக்கில் வராது. குடிசைப் பகுதியில் வாடகைக்கு இருந்ததால் மாற்று வீட்டுப் பட்டியலில் பெயர் ஏறாமல் போனவர்கள் வரமாட்டார்கள். அட்வான்ஸ் புரட்ட முடியாமல் ஒரு மாதம் அண்ணன் வீடு, ஒரு மாதம் மாமியார் வீடு என்று அலைபவர்களும் வரமாட்டார்கள். இவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குச் சீருடையில்தான் வருகிறார்கள். நேற்றிரவு எங்கே தூங்கினாய் என்று வருகைப் பதிவேடு கேட்பதில்லை. பதினைந்து வயதில் வெட்கம் பசியைவிடப் பெரிது. ஐந்து வயதுக் குழந்தை வீடு போனதை டீச்சரிடம் அழுது சொல்லிவிடும். பத்தாம் வகுப்புப் பையன் சொல்லமாட்டான். வீட்டுப்பாடம் முடிக்காததற்கு மறந்துவிட்டேன் என்பான், தாமதமாக வந்ததற்கு பஸ் கிடைக்கவில்லை என்பான். ஆசிரியருக்குத் தெரிவது ஒரு சோம்பேறி மாணவன்தான். கண்ணில் படாததால் கணக்கில் இல்லை, கணக்கில் இல்லாததால் எந்தத் திட்டத்திலும் இல்லை. இந்தப் பிரச்சினையின் முதல் முடிச்சு இது.

சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி மாறுவது கஷ்டம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு அது பல நேரங்களில் படிப்பின் முடிவு. காரணம் உணர்ச்சி சார்ந்தது மட்டுமல்ல, நிர்வாகம் சார்ந்தது. பிளஸ் ஒன்னில் சேரும்போதே மாணவர் ஒரு குரூப்பைத் தேர்ந்துவிடுகிறார். உயிரியல் எடுத்த பெண் போய்ச் சேரும் புதிய பள்ளியில் அந்தக் குரூப் இல்லாமல் இருக்கலாம், இருந்தும் இடம் நிரம்பியிருக்கலாம். தொழிற்கல்விப் பாடம் எடுத்தவருக்கு அதே பாடம் இன்னொரு அரசுப் பள்ளியில் கிடைப்பது அதைவிட அரிது. பயிற்று மொழி வேறு இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதப்போகும் மாணவர்களின் பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு பள்ளியும் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே தேர்வுத் துறைக்கு அனுப்பிவிடுகிறது. ‘நாமினல் ரோல்’ என்று தலைமையாசிரியர்கள் தலையைப் பிடித்துக்கொள்ளும் வேலை அது. பெயர், பிறந்த தேதி, படம், பாடம், பயிற்று மொழி எல்லாம் அதில் ஏறிய பிறகு மாணவர் அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டவர். செய்முறைத் தேர்வு அங்கே, ஹால் டிக்கெட் அங்கே. ஜனவரியில் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடப்பட்ட பிளஸ் டூ மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துகொள் என்று சொல்வது, தேர்வு முறையை அறியாதவர் சொல்லும் அறிவுரை.

முப்பது கிலோமீட்டர் என்பது மிகையல்ல. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டு, 1971இல் அதற்கான சட்டமும் வந்த காலத்தில், சென்னையின் பல இடங்களில் குடிசை இருந்த மண்ணிலேயே அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. மக்கள் மாடி ஏறினார்கள். பிள்ளைகளின் பள்ளி அதே தெருவில் இருந்தது. 2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டன. கூவம் கரையிலிருந்து மட்டும் சுமார் 14,000 குடும்பங்களை அகற்றத் திட்டமிடப்பட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களும் இதே பாதையில் போயின. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழகாக மாறியது, தூரம் குறையவில்லை. ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குச் சாமான் ஏற்றிச் செல்ல 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வாழ்வாதாரப் படியும் வழங்கப்பட்டிருக்கின்றன. பீரோவை ஏற்றிச் செல்லும் லாரிக்கு ஒரு தொகை வைக்கத் தெரிந்த அரசுக்கு, அந்த பீரோவுக்குச் சொந்தக்காரரின் மகள் மறுநாள் காலை பள்ளிக்கு எப்படிப் போவாள் என்பதற்கும் ஒரு தலைப்பு போட்டிருக்க முடியும்.

2019 டிசம்பர் இறுதியில் சென்னை தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரை அகற்றத் தொடங்கினார்கள். மக்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் பக்கம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி அங்கேயே நின்றுவிட்டது, வீடு மட்டும் சதுப்பு நிலத்தின் கரைக்குப் போய்விட்டது. ஒன்பது மணிப் பள்ளிக்கு ஏழு மணிக்கு முன்பே பேருந்து ஏறியாக வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்தால் வீடு சேர இரவாகிவிடும். கூட்டம் நெரியும் பேருந்தில் பதினாறு வயதுப் பெண்ணைத் தினமும் மூன்று மணி நேரம் அனுப்பத் தயங்கும் அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. பையன்களுக்கு வேறு வழி திறக்கிறது. கேட்டரிங் வேலை, கூரியர் மூட்டை, பெயின்டிங் சித்தாள். வேலையிழந்த அப்பாவுக்கு அந்த முந்நூறு ரூபாய் தேவைப்படுகிறது. அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வு பெருந்தொற்றால் ரத்தாகி, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. அந்த வெளியேற்றம் பத்தாம் வகுப்பில் எத்தனை பேரைத் தோற்கடித்திருக்கும் என்று காட்டக்கூடிய ஆவணமும் அதோடு எழுதப்படாமல் போயிற்று.

கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு அதன் கை விலகிவிடுகிறது. அதற்குள் இருப்பவர்களுக்கும் அது தருவது பள்ளி மாறும் உரிமை. குடும்பம் இடம்பெயர்ந்தால் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும், சான்றிதழ் வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்கிறது ஐந்தாவது பிரிவு. நல்ல பிரிவுதான். ஊர் விட்டு ஊர் போகும் செங்கல் சூளைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அது உயிர்நாடி. ஆனால் மாறாமல் இருக்கும் உரிமையைப் பற்றி அச்சட்டத்தில் பேச்சில்லை. அரசே ஒரு குடும்பத்தைத் தூக்கிக் கொண்டுபோய் இன்னோர் இடத்தில் வைக்கும்போது, பிள்ளையின் பள்ளியும் தானாகவே மாறிவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். இதைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கு வராமல் நின்ற மாணவரின் பதிவு என்ன ஆகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எமிஸ் இணையதளத்தில் ‘காமன் பூல்’ என்று ஓர் இடம் உண்டு. ஒரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்டு இன்னொரு பள்ளியில் இன்னும் சேர்க்கப்படாத மாணவரின் பெயர் அங்கே கிடக்கும். பெற்றோரின் பணிமாறுதலால் பள்ளி மாறும் பிள்ளை அங்கே சில நாட்கள் இருந்துவிட்டு வெளியே வந்துவிடும். வீடிழந்த பிள்ளைக்கு அங்கிருந்து கைப்பிடித்து வெளியே கொண்டுவர ஒருவர் வேண்டும். அம்மா புதிய முகவரிக்கு ரேஷன் அட்டையை மாற்ற அலைந்துகொண்டிருப்பார், அப்பா பழைய பேட்டையிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். பழைய பள்ளியைப் பொறுத்தவரை மாணவர் போய்விட்டார். புதிய பள்ளியைப் பொறுத்தவரை வரவேயில்லை. இதன் விலை அந்த ஆண்டோடு முடிவதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தொடர்ந்து படித்து முடித்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிள்ளை பாதியில் நின்றுவிடாமல் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுவர இவ்வளவு பணம் செலவிடும் அரசு, இன்னொரு கையால் அதே பிள்ளையைப் பாதியில் நிறுத்துகிறது. சமூகநலம் ஒரு கோப்பு, நீர்வழிச் சீரமைப்பு இன்னொரு கோப்பு.

தேர்வுக் காலத்தில் வெளியேற்றக் கூடாது என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. வளர்ச்சித் திட்டங்களுக்காக மக்களை அகற்றுவது குறித்து 2007இல் ஐ.நா. வகுத்த அடிப்படை வழிகாட்டு நெறிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. மோசமான வானிலையில், இரவில், பண்டிகை நாளில், தேர்தலுக்கு முன்பு, பள்ளித் தேர்வின்போதோ அதற்குச் சற்று முன்போ வெளியேற்றம் நடக்கக் கூடாது. நம் நீதிமன்றங்களும் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுண்டு. நடைபாதைவாசிகள் தொடர்பான 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பு மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்றும் சொன்னது. மழைக்குக் காத்திருக்கலாம் என்றால் மார்ச் மாதத் தேர்வுக்கும் காத்திருக்கலாம். சொல்லப்போனால் மழை எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. தேர்வு அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது.

பழைய பள்ளியில் தொடரும் உரிமையைச் சட்டமாக்கிய நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1987இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட வீடற்றோர் உதவிச் சட்டம், இன்று மெக்கின்னி–வென்டோ சட்டம் என்று அறியப்படுகிறது. 2001, 2015 ஆண்டுகளின் திருத்தங்களில் அதன் கல்விப் பகுதி வலுப்பெற்றது. வீட்டை இழந்த பிள்ளை முன்பு படித்த பள்ளியிலேயே தொடரலாம். குடும்பத்துக்கு நிரந்தர வீடு கிடைத்த பிறகும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தொடரலாம். போக்குவரத்துக்குக் கல்வி நிர்வாகம் பொறுப்பு. புதிய பள்ளியில் சேர விரும்பினால் சான்றிதழ், தடுப்பூசிச் சீட்டு, முகவரிச் சான்று எதுவும் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். பள்ளிக்கும் பெற்றோருக்கும் தகராறு வந்தால், அது தீரும்வரை பிள்ளை அவர்கள் கேட்கும் பள்ளியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென்று பெயர் குறிப்பிட்ட ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அச்சட்டம் வீடற்ற பிள்ளை யார் என்று சொல்லும் விதம். வீட்டை இழந்ததால் உறவினரோடும் நண்பரோடும் ஒண்டியிருப்பவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. அப்படி எண்ணத் தொடங்கியதும் தெரியவந்தது என்ன? ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இப்படி ஒண்டியிருப்பவர்கள்தான். தெருவிலும் விடுதியிலும் இருப்பவர்களை மட்டும் எண்ணியிருந்தால் பிரச்சினையின் பெரும்பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது.

அங்கு மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால் நியாயமான கேள்விதான். வீடற்ற மாணவர்களில் உயர்நிலைப் பள்ளியை உரிய காலத்தில் முடிப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஒட்டுமொத்த மாணவர்களில் அது 85 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீடற்றவர்களாகப் பதிவாகிறார்கள். சட்டம் வீட்டைத் தரவில்லை. மத்திய அரசு இந்தக் கல்விப் பகுதிக்கு ஒதுக்கும் பணத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு நூறு டாலரை ஒட்டித்தான் வருகிறது. பல இடங்களில் தொடர்பு அலுவலருக்கு இது நான்கு வேலைகளில் ஒன்று. இவ்வளவு குறையிருந்தும் இரண்டு விஷயங்கள் அங்கு நடந்தன. ஒன்று, இந்தப் பிள்ளைகள் தனியாக எண்ணப்படுகிறார்கள். அவர்களின் தேர்ச்சி விகிதம் இவ்வளவு என்று நான் மேலே எழுத முடிந்ததே அதனால்தான். பெரும்பாக்கத்துக்கு இடம்மாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வரி எழுத முடியவில்லை. இரண்டு, சிக்கல் வந்தால் பெற்றோர் சட்டத்தைக் காட்டிப் பேச முடிகிறது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாத இளைஞர்கள் பின்னாளில் தாமே வீடற்றவர்களாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையம் 2017இல் கண்டது. அப்பா இழந்த வீட்டை மகனும் இழக்காமலிருக்க நம் கையில் இருக்கும் மிக மலிவான வழி அந்தச் சான்றிதழ்.

இங்கே எழும் எதிர்வாதங்களில் முதன்மையானது ஆக்கிரமிப்பு. ஆற்றையும் கால்வாயையும் அடைத்து வீடு கட்டினால் ஊர் மூழ்காதா, நீதிமன்றம் சொன்ன பிறகு அரசு என்ன செய்யும் என்கிறார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆற்றங்கரையில் வாழ்வதில் உயிராபத்து இருப்பது உண்மை. போய்ச் சேர்ந்த செம்மஞ்சேரியும் மழைக்கு மிதப்பது இன்னோர் உண்மை என்றாலும், அதை இங்கே வாதமாக வைக்கவில்லை. கரையைக் காலி செய்வது சரியா தவறா என்பது வேறு விவாதம். காலி செய்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், ஜனவரியில் செய்வதா மே மாதத்தில் செய்வதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஐம்பது ஆண்டு பொறுத்த ஆறு இன்னும் நான்கு மாதம் பொறுக்கும். ஆக்கிரமித்தது யாராயிருந்தாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆக்கிரமிக்கவில்லை. சட்டவிரோதக் கட்டடங்களை அதிகாரிகள் தம் விருப்பப்படி இடிப்பதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தந்த தீர்ப்பு, பதினைந்து நாள் முன்னறிவிப்பு உள்ளிட்ட பாதுகாப்புகளை வகுத்தது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் இருக்கும் கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. நகரத்தின் ஏழைகள் வாழ்வது பெரும்பாலும் இந்த விதிவிலக்குக்குள்தான். 2025 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் அம்பேத்கர் நகர் மாவட்டத்தில் புல்டோசர் குடிசைகளைச் சாய்த்துக்கொண்டிருக்க, எட்டு வயதுச் சிறுமி புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவரும் காணொளியை நாடே பார்த்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேறொரு வழக்கை விசாரிக்கும்போது அதைக் குறிப்பிட்டு வருந்தினார். அந்தச் சிறுமி எதைக் காப்பாற்ற ஓடினாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதைக் காப்பாற்றும் விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

மறுகுடியமர்வுப் பகுதியிலேயே பள்ளி கட்டிவிட்டால் போதாதா, எதற்குப் பிள்ளையைத் தினமும் அறுபது கிலோமீட்டர் அலையவிட வேண்டும் என்பது இதைவிட வலுவான கேள்வி. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியே நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பெரிய பிள்ளைகளிலும் சிலர் புதிய பள்ளியை விரும்பலாம். அமெரிக்கச் சட்டமும் பிள்ளைக்கு எது நலம் என்று பார்க்கத்தான் சொல்கிறது; பழைய பள்ளியைக் கட்டாயமாக்கவில்லை. இங்கே கேட்பதும் முடிவு யார் கையில் என்பதைத்தான். இன்று புவியியலே முடிவெடுக்கிறது. வீடுகள் தயாராகி மக்கள் குடியேறிய பிறகு, போதிய வகுப்பறையும் பாட ஆசிரியர்களும் வந்து சேர எடுக்கும் காலம் ஒரு பிளஸ் டூ மாணவியின் மொத்தப் படிப்புக் காலத்தைவிட நீளம். பள்ளி நன்றாகவே இருந்தாலும் ஒரே வகையான இழப்போடு வந்த பல்லாயிரம் குடும்பங்களின் பிள்ளைகளை ஒரே வளாகத்தில் சேர்க்கும்போது, ஊர் அந்த முகவரிக்கே ஒரு முத்திரை குத்திவிடுகிறது. வேலைக்குப் போகும் இடத்தில் கண்ணகி நகர் என்று சொல்லத் தயங்கியவர்களின் கதை இருபது ஆண்டுக் கதை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார், ஊரே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் கொஞ்சம் வியப்பும் கலந்திருந்தது, அங்கிருந்தா என்று. தினமும் போய்வர முடியாத தூரம் என்றால் ஆதிதிராவிடர் நலத் துறையின், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் விடுதிகள் நகரத்துக்குள் இருக்கின்றன. கல்வியாண்டின் நடுவிலும் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஓர் ஆணை போதும். வீட்டைப் பிரிய மனமில்லாதவர்களுக்குப் பேருந்து. சில வெளியேற்றங்களின்போது அந்த ஆண்டு முடியும்வரை மாணவர்களுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யப்பட்டதும் உண்டு. நல்ல அதிகாரி இருந்த இடத்தில் நடந்தது, இல்லாத இடத்தில் நடக்கவில்லை. மறுகுடியமர்வுக் கொள்கைகளில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிய நல்ல வாக்கியங்கள் இல்லாமல் இல்லை. கொள்கையைக் காட்டிப் பேருந்தை வரவழைக்க ஒரு தாயால் முடியாது. சட்டத்தைக் காட்டினால் முடியலாம்.

படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும் என்பவர்களுக்குக் கைவசம் ஒரு தெருவிளக்கு எப்போதும் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்தவர் என்ற கதையை மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். கதையில் அவருக்கு இல்லாதது விளக்கு. காலையில் போய் உட்கார ஒரு பள்ளி இருந்தது, அதே ஆசிரியர்கள் இருந்தார்கள், யாரோ ஒரு பெரியவர் அவர் படிப்பைக் கவனித்துக்கொண்டும் இருந்தார். வீடில்லாமல் படித்துச் சாதித்தவர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு நாளில் செய்தித்தாள்களில் வரும் பிள்ளைகளின் கதையைக் கவனமாகப் படித்தால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் விடாமல் துரத்திய ஓர் ஆசிரியரைப் பார்க்கலாம். குடும்பம் கூரையை இழந்த பிறகு பதினாறு வயதுப் பிள்ளைக்கு மிஞ்சும் பழைய உலகம் அதுதான். அந்த ஆசிரியர், மதிய நேரத்து நண்பர்கள், பெயர் தெரிந்த வாட்ச்மேன். சாதித்தவர்களைக் கொண்டாடுவதில் தவறில்லை. நின்றுபோனவர்களுக்குத் தேர்வு முடிவு நாளில் செய்தி கிடையாது என்பதால், சாதிப்பது இயல்பு என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

செலவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுவது காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் சில தனி வண்டிகள். எட்டு மாடிக் கட்டடங்களுக்கும் நதிச் சீரமைப்புக்கும் ஆகும் கோடிகளில் அது கணக்கில் தெரியாத தொகை. அதிகமாகத் தேவைப்படுவது தகவல். வெளியேற்றத்துக்கு முன் வாரிய ஊழியர்கள் வீடு வீடாக வந்து கதவில் எண் எழுதி, குடும்பத் தலைவர் பெயர், ஆதார், ரேஷன் அட்டை, கைரேகை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படிவத்தில் பிள்ளை எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்தக் குரூப், எமிஸ் எண் என்ன என்று நான்கு கட்டங்களைக் கூட்ட வேண்டும். அந்தப் பட்டியல் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும். பத்திலும் பன்னிரண்டிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஏப்ரல் முடியும்வரை கைவைக்கக் கூடாது. நீதிமன்றம் கெடு விதித்திருந்தால் இந்தப் பட்டியலையே காட்டி அரசு வழக்கறிஞர் கால நீட்டிப்புக் கேட்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் புதிய முகவரிக்குப் போன பதினைந்தாம் நாள் எந்த வகுப்பறையில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல, பெயரும் கைப்பேசி எண்ணும் உள்ள ஓர் அலுவலர் வேண்டும்.